உப்புப் பார்க்கும் துண்டு

ஜூன் 18

மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டருக்குக் கொடுத்த டைரி இது. டாக்டர் எனக்குக் கொடுத்துவிட்டார். போன வருஷத்து டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை எல்லாம் பொய். தினமும் என்ன சாப்பிட்டேன், வலி இருந்ததா, காய்ச்சல் வந்ததா என்று எழுதி வைக்கச் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். "என் எழுத்து யாருக்கும் புரியாது சார்" என்றேன். "அப்ப நீங்களும் டாக்டர்தான்" என்றார். அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. பேர் எபனேசர்.

சரி, எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். காலை: இட்லி மூன்று. வலி: இல்லை. காய்ச்சல்: இல்லை. ஈரலில் புற்றுக்கட்டி: ஒன்று.

என் பேர் பஞ்சவர்ணம். வாடிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே எங்கள் தள்ளுவண்டி நிற்கிறது. பொழுது சாய்ந்தால் ஆட்டு ஈரல் வறுவல். மிளகு போட்டது, மிளகாய் போட்டது, இரண்டும் போட்டது. பிள்ளை பெற்று எழுந்த காலத்திலிருந்து ஈரல் விற்கிறேன், இப்போது என் ஈரலிலேயே கட்டி. ஆடுகள் எல்லாம் சேர்ந்து மேலே மனுக் கொடுத்துவிட்டன போலிருக்கிறது.

கண்டுபிடித்தது கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில். கண்ணாடி தருகிறார்கள் என்று போனேன். கண்ணைப் பார்க்க வேண்டியவளைப் படுக்கவைத்து வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். அங்கேயிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி கடைசிவரை கிடைக்கவில்லை.

வீட்டுக்காரர் பேர் ஒச்சுக்காளை. புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஒச்சுக்காளை. ஒச்சுக்காளை. ஒச்சுக்காளை. நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20

மதுரை ஆஸ்பத்திரி. வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டர் காகிதத்தில் என் ஈரலை வரைந்து காட்டினார். கவிழ்த்த முறம் மாதிரி வந்தது.

"கட்டி சின்னதும்மா. ஒரு நெல்லிக்காய் அளவு."

"அரைநெல்லியா, பெருநெல்லியா?"

"அரைநெல்லி. சின்னதா இருக்கப்பவே மாட்டிக்கிச்சு. அதனாலதான் முழுசா எடுத்திரலாம்ங்கிறேன். விட்டா வளந்திரும். வளந்தா எங்க கையில இல்ல."

சிலருக்கு ஊசியை உள்ளே விட்டுக் கட்டியைச் சுட்டே அழித்துவிடுவார்களாம். எனக்கு அது இரைப்பையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம். சுட்டால் இரைப்பையும் சேர்ந்து வெந்துபோகும். அதனால் ஈரலின் இடது ஓரத்தை அப்படியே வெட்டி எடுக்க வேண்டும்.

"வறுவல் வேணாம், வெட்டுத்தாங்கிறீங்க" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். என் ரத்தத்தில் ரொம்ப காலமாகக் காமாலைக் கிருமி ஒன்று குடியிருந்திருக்கிறது. பெற்றவளிடமிருந்து வந்திருக்கலாம். அதுதான் ஈரலைக் கெடுத்திருக்கிறது. வெட்டும்போது ரத்தம் நிறையப் போகலாம், மிச்ச ஈரல் வேலைக்குத் திணறலாம். வெட்டிய துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் ஓரம் சுத்தமாக இருந்தால்தான் கட்டியை முழுசாக எடுத்ததாக அர்த்தம்.

"மிச்ச ஈரல் பழையபடி வளந்துக்கிரும்" என்றார்.

"ஈரல் வளருமா சார்? ஆட்டுக்கும் வளருமா?"

"வளரும்."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "கேட்டீகளா மாமா? இம்புட்டு நாளும் முழு ஆட்டையும்ல வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம். ஓரத்தை மட்டும் நறுக்கிக்கிட்டு ஆட்டை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அதும் மறுமாசம் வந்து நின்னுருக்கும்."

டாக்டர் சிரித்தார், சிஸ்டர் சிரித்தார், வாசலில் நின்ற செக்யூரிட்டி சிரித்தார். இவர் மட்டும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வலிக்குமாய்யா?" என்றார்.

"மயக்க மருந்து குடுத்திருவோம்."

"முழிச்சப்புறம்?"

"கொஞ்சம் வலிக்கும்."

இன்றைக்கு இவர் பேசியது அவ்வளவுதான். மத்தியானம்: தயிர்ச் சோறு. வலி: இல்லை. எனக்கு இல்லை.

ஜூன் 23

எனக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் குடிக்கிறேன் என்பதும் அதோடு சேர்ந்து தெரிந்துவிட்டது. செங்கல் சூளை மாயழகு சாயங்காலம் வண்டிக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். தினம் குடிக்கிறவன்.

"அத்தாச்சி, குடிக்கிற எனக்கு ஒண்ணும் வரல. உங்களுக்கு வந்திருச்சே. எங்களுக்கே தெரியாம எங்க வச்சுக் குடிச்சீக?"

"வண்டிக்கு அடியிலதாண்டா. மண்ணெண்ணெய் கேன்ல."

குனிந்து பார்த்தான். சத்தியமாகக் குனிந்து பார்த்தான். கூட்டம் சிரித்த சிரிப்பில் கல்லில் கிடந்த ஈரல் தீய்ந்தது. போகும்போது அவன் கையைப் பிடித்து, "நீயும் ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வாடா" என்றேன். இவரும் மகள் பவித்ராவும் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் கிருமி இல்லை. தடுப்பு ஊசி போட்டாயிற்று. ஊசிக்கு இவர் கண்ணை மூடிக்கொண்டதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் சொல்ல வைத்திருக்கிறேன்.

ஜூன் 24

சொல்லிவிட்டேன்.

ஜூன் 27

எங்கள் கடைக்கு ஒரு முறை உண்டு. கல் காய்ந்ததும் முதலில் வேகும் துண்டு இவருக்கு. உப்புப் பார்க்கிற துண்டு என்று பேர். இலைக் கிழிசலில் எடுத்து, நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். மழை பெய்தாலும் அது தவறாது. "பாருங்கடா, சாமி வந்திருச்சு, யாரும் குறி கேக்கணும்னா கேளுங்க" என்று நான் சொல்லுவேன். அதைக் கேட்கவே நாலு பேர் சீக்கிரம் வருவார்கள். இவர் கல்லுக்குப் பின்னால் நிற்கிறார், நான் முன்னால். இவர் ஈரலை வறுக்கிறார், நான் இவரை வறுக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் கூட்டம். எனக்கு அந்த வாடையே போதும், ஒருநாளும் ஈரலைத் தின்றதில்லை.

இன்றைக்கு முதல் துண்டு வெந்தது. இவர் எடுக்கவில்லை. அதற்கு முன்பே, ஈரலைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்தவர் வெகுநேரம் அப்படியே நின்றார். இடது ஓரம்.

"என்ன மாமா, நல்ல நேரம் பாக்குறீகளா?" என்றேன்.

வெட்டினார். துண்டு கோணலாக வந்தது. கோணல் துண்டையும் விற்றோம்.

ஜூலை 1

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. காலையில் இட்லி, மத்தியானம் கஞ்சி, பிறகு ஒன்றும் கூடாது. பக்கத்துக் கட்டிலில் சுப்புத்தாய் அக்கா, பித்தப்பையில் கல். "எனக்குக் கல்லு, உனக்குக் கட்டி, சேர்ந்து வீடு கட்டலாம்டி" என்கிறாள். நல்ல இடத்தில்தான் படுக்கை கிடைத்திருக்கிறது.

நாளைக்கு வெட்டு. எனக்குப் பயமில்லை. பயமில்லை என்று பவித்ராவிடம் சொன்னேன், சிஸ்டரிடம் சொன்னேன், கையெழுத்து வாங்க வந்த பையனிடமும் சொன்னேன்.

உசிருக்கு என்று ஒன்று வந்தால், நமக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைக் குலசாமிக்கு விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டால் விட்டதுதான், அப்புறம் சாகும்வரை தொடக்கூடாது. சிலர் வெற்றிலையை விடுவார்கள், சிலர் கத்தரிக்காயை. என் நாத்தனார் பாகற்காயை விட்டாள். அதை அவள் பிறந்ததிலிருந்தே தின்றதில்லை. சாமியை ஏமாற்றக்கூடாது இல்லையா. நானும் படுத்தபடி யோசித்தேன். காபி? இருந்தால் குடிப்பேன், இல்லையென்றால் தேடமாட்டேன். பூ? அதுவும் அப்படித்தான். எதைத் தொட்டுப் பார்த்தாலும் 'இது போனால் போகட்டும்' என்றுதான் மனசு சொன்னது.

அப்போது இவர் வந்தார். பல் துலக்கும் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, பெரிய ஆபீசர் பேனா வைத்த மாதிரி. வாய் வரைக்கும் ஒன்று வந்தது. அப்படியே விழுங்கினேன். விழுங்கியது வலித்தது. அப்பத்தான் தெரிந்தது.

குலசாமி கருப்பு, கேட்டுக்கோ. நல்லபடியாக எழுப்பிவிட்டால், கட்டி முழுசாகப் போனால், இனி இந்த மனுஷனைக் கிண்டல் பண்ணமாட்டேன். உசிர் உள்ளவரைக்கும்.

விட்டதை வாயால் வெளியே சொன்னால் பலிக்காது. எழுதலாம். புருஷன் பேருக்கு உள்ள சட்டம்தான் இதுக்கும்.

ஜூலை 2

கூப்பிடுகிறார்கள். டைரி பவித்ராவிடம்.

ஜூலை 4

எழுந்துவிட்டேன். எழுதுகிறேன். நான்தான்.

வயிற்றில் நாலைந்து ஓட்டை, கீழே ஒரு சின்னக் கீறல், பக்கத்தில் ஒரு குழாய். கருவியை விட்டே ஓரத்தை வெட்டி, பைக்குள் போட்டு எடுத்துவிட்டாராம் டாக்டர். ரத்தம் அதிகம் போகவில்லையாம். "பைன்னா மஞ்சப்பையா சார்?" என்றேன். அவரைக் கிண்டல் பண்ணலாம். சாமியிடம் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூன்று பந்து உள்ள ஒரு பொம்மையைக் கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே போகும். எனக்கு இரண்டு போகிறது. சுப்புத்தாய் அக்காவுக்கு ஒன்று. தினமும் பந்தயம்.

இவர் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் தோளும் ஒரு பக்கம் இடுப்பும் தெரிகிற மாதிரி. நான் கூரையைப் பார்த்தேன்.

"எப்படிப் புள்ள இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றேன்.

வலி: கீறலில் கொஞ்சம். தொண்டையில் நிறைய.

ஜூலை 6

இவர் பவித்ராவின் ரோஸ் கலர் செருப்பைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நடந்து வந்தார். குதிகால் பாதி தரையில். சுப்புத்தாய் அக்கா போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். வார்டே என்னைப் பார்த்தது. நான்தான் இதற்கெல்லாம் பேர் போனவள் என்று இந்த நாலைந்து நாளில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

"சாப்பிட்டீங்களா? தூங்குனீங்களா? உடம்பப் பாத்துக்கங்க" என்றேன்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி செருப்பைப் பார்த்தார். வேண்டுமென்றேதான் போட்டு வந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 7

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன். சிரித்தால் தையல் இழுக்கிறது.

காலையில் டாக்டர் எபனேசர் வந்தார். குழாயை எடுத்தாயிற்று, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்போது இவர் முன்னால் வந்து நின்றார். கல்யாணத்தில்கூட இவ்வளவு முன்னால் வந்து நின்றதில்லை.

"அய்யா, இவளை இப்படியே வீட்டுக்கு அனுப்பாதீக. இவ சரியில்ல."

"ஏன், என்ன பண்றாங்க?"

"மரியாதையாப் பேசுறா."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"கட்டுன நாள்லருந்து என்னைய ஒரு நா விட்டதில்லய்யா. நேத்து, உடம்பப் பாத்துக்கங்கன்னு சொல்றா. பொம்பளச் செருப்பப் போட்டுட்டு வந்து நின்னேன், அதுக்கும் ஒண்ணும் சொல்லல. ஈரலை வெட்டுறப்ப வேற எதையோ சேத்து வெட்டிப்புட்டீக."

நான் டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஈரலை வெட்டிய பிறகு மிச்ச ஈரல் வேலை செய்யத் திணறினால், கழிவு ரத்தத்தில் தங்கி மூளைக்குப் போகுமாம். அப்போது ஆளின் குணம்தான் முதலில் மாறுமாம். டாக்டர் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, ரெண்டு கையையும் நீட்டி, பஸ்ஸை நிறுத்துற மாதிரிக் காட்டுங்க."

காட்டினேன். சிரிப்பை அடக்கியதில் கை நடுங்கியது. அவர் சிஸ்டரிடம் என்னவோ சொன்னார், சிஸ்டர் குறித்துக்கொண்டார்.

"ஒரு நட்சத்திரம் வரைங்க."

மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு நட்சத்திரம் வராது. வரைந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார். நண்டு மாதிரி இருந்தது. குறித்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

இதாவது தெரியும் என்று தலையணைப் பக்கம் விரித்திருந்த டைரியை ஓரக்கண்ணால் பார்த்து, "ஞாயித்துக்கிழமை" என்றேன்.

அதையும் குறித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையாம். போன வருஷத்து டைரி என்பதை மறந்தே போனேன்.

உடனே ரத்தம் எடுத்தார்கள். தலைக்கு ஸ்கேன் எழுதினார்கள். நாளை மறுநாள் வீடு என்பதை அடித்துவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், தலையை ஸ்கேன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், உள்ளே என்ன இருக்கப்போகிறது. ஆனால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இவர் திரும்பி நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. முகம் கழுவுகிற மாதிரி. குழாயில் தண்ணீர் வரவில்லை.

பரிசோதனை ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஓரம் சுத்தமா இல்லையா என்று தெரியாது. இப்போது வாயைத் திறந்தால் சாமிக்கு விட்டது விட்டதாக ஆகாது. வரைந்த நண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், "டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல. சாமிக்கு விட்டிருக்கேன்" என்றேன்.

"எதை?"

"அந்தா நிக்கிறாரே, அவரைக் கிண்டல் பண்றதை."

ரத்தம் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று சாயங்காலம் வந்தது. டாக்டர் தன் செலவில் எனக்குப் புது டைரி வாங்கித் தருவதாகச் சொன்னார். இவர் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பொத்தான் சரியாகப் போட்டிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை 8

காலையிலிருந்து இவரைக் காணோம். போன் வண்டியில் கிடக்கிறது. பவித்ரா அழுகிறாள். கஞ்சி இறங்கவில்லை.

சாயங்காலம் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கால் முழுக்கச் செம்மண். மலையடிவாரத்துக் கருப்பு கோயிலுக்குப் போயிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தக் கல்யாணத்திலேயே பெரிய பேச்சைப் பேசினார்.

"சாமிகிட்டச் சொல்லிட்டேன். அவ விட்டதத் திருப்பிக் குடுத்திரு, அதுக்கு நான் ஒண்ணு விடுறேன்னுட்டேன். உப்புப் பாக்குற துண்டை விட்டுட்டேன். இனி நான் ஈரல் தொடமாட்டேன். நீ பேசு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு.

"சாமி ஒத்துக்கிருச்சா?" என்றேன்.

"பூக்கட்டிப் பாத்தேன். வெள்ளப்பூ வந்துச்சு."

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சாமி சரி என்றது. சிவப்பு வந்தால் இல்லை என்றது. இவர் சொல்லும்போது ஸ்டூலின் காலைப் பார்த்துச் சொன்னார். இந்த முகம் எனக்குத் தெரியாதா?

"எத்தனாவது தடவைக்கு வந்துச்சு?"

நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாமா."

"மூணாவது."

"மொத ரெண்டு?"

"சிவப்பு."

"அப்ப சாமி ரெண்டு தரம் வேணாம்னு சொல்லியும், வெள்ளை வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்திருக்கீக. கருப்புகிட்டயே கள்ளாட்டம். அது பாவம், அருவாளோட எந்திரிச்சு ஓடியிருக்கும், மலை மேல போயித் தேடிப் பாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது தெரிந்தது. சுப்புத்தாய் அக்கா மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பொம்மையில் மூன்று பந்தும் ஒன்றாகப் போய் மேலே முட்டின. இவர் கண்ணை மூடிக்கொண்டார். உப்புப் பார்க்கிறபோது மூடுவாரே, அப்படி.

வலி: தையலில், சிரித்ததால். காய்ச்சல்: இல்லை.

இரண்டு சிவப்பு வந்திருக்கிறது. அதை மட்டும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 10

வீட்டுக்கு வந்துவிட்டேன். ரிசல்ட் வரவில்லை. இவர் சட்டியில் ரசம் வைத்தார். இதைக் குடித்தால் கிருமி தானாக வெளியே ஓடிவிடும் என்றேன். முகத்தில் என்ன சந்தோஷம்.

ஜூலை 15

மதுரைக்குப் போகும் பஸ்ஸில் நான் ஒன்றுமே பேசவில்லை. இவர்தான் பேசினார். ஜன்னல் வழியாகக் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தா எருமை. அந்தா பெட்ரோல் பங்க். அந்தா இன்னொரு எருமை.

டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். நான் அவர் மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

"ஓரம் சுத்தமா இருக்கும்மா. முழுசா வந்திருச்சு."

இவர் எழுந்து நின்றார். எதற்கு என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். டாக்டர் மேலே சொன்னார். கிருமிக்கு மாத்திரை தினமும் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். வேறொரு இடத்தில் முளைத்தாலும் முளைக்கலாம், அப்போதும் அரைநெல்லியாகவே பிடித்துவிடலாம், வராமல் மட்டும் இருக்கக்கூடாது.

"வருவோம்யா" என்றார் இவர். "நான் கூட்டிட்டு வருவேன்."

"செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். அவருக்கும் பழகிவிட்டது.

வெளியே வந்து, இரண்டு சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று இவரிடம் கேட்டேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். "நான் ஈரல் திங்காம எப்படி இருப்பேன்னு சாமி யோசிச்சிருக்கும்."

ஜூலை 26

கடைக்குப் போனேன். நிற்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, ஸ்டூலில் உட்கார்ந்து பேசலாம். பேசுவதற்கு டாக்டர் தடை சொல்லவில்லை. மாயழகு மாலை வாங்கி வந்திருந்தான். குனிந்து வண்டிக்கு அடியில் வைத்தான்.

கல் காய்ந்தது. முதல் துண்டு வெந்தது. இவர் அதை இலைக் கிழிசலில் எடுத்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்த கை அப்படியே நின்றது, வழி தெரியாத மாதிரி. பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து என்னிடம் நீட்டினார்.

"உப்புப் பாக்க ஆள் வேணும்ல" என்றார்.

ஒரு துண்டு தின்னலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாடையே போதும் என்று இத்தனை காலம் இருந்தவள் வாயில் போட்டேன். மிளகு, பூண்டு, கொஞ்சம் தீய்ந்த ஓரம். அது பாட்டுக்குக் கரைந்தது. எனக்குக் கண் மூடிக்கொண்டது.

"பாருங்கடா, சாமி வந்திருச்சு" என்றார் இவர். இவர் சொன்னார். கூட்டம் சிரித்த சிரிப்பு பஸ் நிலையம் வரை போயிருக்கும்.

கண்ணைத் திறந்தேன். என் முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"உப்பு எப்படி?"

"கம்மி" என்றேன்.

கம்மி இல்லை. இன்னொரு துண்டு வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.